வெளியேறியவர்களை வைத்து அளக்க வேண்டிய கட்டடம்: பெல்ஃபாஸ்டின் ஐரிஷ் மொழிப் பண்பாட்டு மையம், ஒரு நிகழ்வு ஆய்வு

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டின் மேற்குப் பக்கத்தில் ஃபால்ஸ் ரோடு என்றொரு நீண்ட சாலை. அதில் 216-ஆம் எண்ணில் செங்கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1896-ல் பிரெஸ்பிடேரியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையினர் கட்டியது. கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் மோதல் நீடித்த கலவரக் காலத்தில் சபை மக்கள் அந்தப் பகுதியை விட்டுக் குறைந்துகொண்டே போக, 1982-ல் வழிபாடு நின்றது. 1991-ல் ஐரிஷ் மொழிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அன்றிலிருந்து அதன் பெயர் 'குல்டூர்லன் மக்அடம் ஓ ஃபீ'. ஊரில் சுருக்கமாகக் குல்டூர்லன் என்பார்கள். இன்று அங்கே ஐரிஷ் புத்தகக் கடை, ஓவியக் கூடம், நாடகமும் கச்சேரியும் நடக்கிற அரங்கு, வகுப்பறைகள், நாள் முழுக்கத் திறந்திருக்கிற ஒரு உணவகம் எல்லாம் இருக்கின்றன.

சின்ன மொழிகளுக்கான பண்பாட்டு மையங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. பல இடங்களில் கதை ஒரே மாதிரி போகும்: முதலில் கட்டடம் வரும், திறப்பு விழா நடக்கும், சுவரில் படங்கள் மாட்டுவார்கள், வருடத்துக்கு ஒரு விழா நடக்கும், மற்ற நாட்களில் காவலாளி மட்டும் இருப்பார். பெல்ஃபாஸ்டில் அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கட்டடம் வருவதற்கு இருபது வருடம் முன்னாலேயே மொழியில் வாழ்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் வந்த கட்டடம், அவர்கள் தொடங்கிய வேலைகள் தனியாக நடக்கப் பழகும் வரைக்கும் இடம் கொடுத்தது. ஆகவே அந்த மையத்தின் வெற்றியை இன்று உள்ளே இருப்பதை வைத்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அங்கே பிறந்து வெளியே போனவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டடத்துக்கு முன்னால்

அயர்லாந்து 1921-ல் பிரிக்கப்பட்டபோது வடக்கில் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. புதிய வட அயர்லாந்து அரசு ஐரிஷ் மொழியைத் தன் மொழியாக நினைக்கவில்லை, எதிராளியின் அடையாளமாகத்தான் பார்த்தது. பள்ளிகளில் கூடுதல் பாடமாக ஐரிஷ் சொல்லிக்கொடுக்கத் தந்துவந்த பணத்தை 1933-ல் நிறுத்தினார்கள். 1949-ல் வந்த ஒரு சட்டம் தெருப் பலகைகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழி வைக்கக் கூடாது என்றது. அந்தத் தடை நீங்க 1995 வரை ஆனது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்ற 1737-ஆம் வருடச் சட்டம் ஒன்றும் அப்படியே தொடர்ந்தது. அதை நீக்குவதற்கான சட்டமே 2022-ல்தான் வந்தது.

இந்தச் சூழ்நிலையில் மொழியைக் காப்பாற்றி வைத்தது சின்னச் சின்ன மன்றங்கள். 1936-ல் தொடங்கி, பிற்பாடு ஹாதார்ன் தெருவில் இயங்கிய கும்மன் க்லூன் ஆர்ட் அதில் முக்கியமானது. வாசலைத் தாண்டினால் ஐரிஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்று அங்கே கறாராக வைத்துக்கொண்டார்கள். அங்கே பழகிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட இளைஞர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வந்தது: பிள்ளைகளை எந்த மொழியில் வளர்ப்பது? ஐரிஷில்தான் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் தனித்தனி வீட்டில், சுற்றிலும் ஆங்கிலத்தோடு அது நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பணம் சேர்த்து, ஒரு நிலத்தை வாங்கி, ஷாஸ் ரோடு என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். 1969-ல் அந்தச் சின்னக் குடியிருப்பு உருவானது. தொழிலாளி வர்க்கத்துக் குடும்பங்கள், பெரிய சொத்து கிடையாது. பெற்றோர் யாருக்கும் ஐரிஷ் தாய்மொழியும் இல்லை, எல்லாரும் வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர்கள். இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. தான் இரவு வகுப்பில் கற்ற மொழியில் கைக்குழந்தையைக் கொஞ்சுவதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும்!

அதே 1969 ஆகஸ்டில்தான் பெல்ஃபாஸ்ட் பற்றி எரிந்தது. பாம்பே தெரு என்ற கத்தோலிக்கர் தெரு தீக்கிரையானது. ஷாஸ் ரோட்டில் வீடு கட்டிய அதே ஆட்கள் போய் அந்தத் தெருவைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார்கள். 'சொல்லிக்கொண்டிருக்காதே, செய்' என்பது அவர்களிடையே வழங்கிய வாசகம். பிற்காலத்தில் நகரின் ஐரிஷ் இயக்கம் முழுவதும் அதைத்தான் கொள்கையாக எடுத்துக்கொண்டது.

1971-ல் அந்தக் குடியிருப்பிலேயே ஒரு தொடக்கப்பள்ளியை ஆரம்பித்தார்கள். 9 குழந்தைகள். அரசு அங்கீகாரம் கிடையாது, பணமும் கிடையாது. பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் வசூல் செய்துதான் ஆசிரியர் சம்பளத்தைக் கொடுத்தார்கள். 1984-ல்தான் அரசு அந்தப் பள்ளியை ஏற்று நிதி தந்தது. பதின்மூன்று வருடம்! இடையில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதுதான் அரசை இறங்கிவர வைத்தது, நல்ல மனம் ஒன்றும் காரணமில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு ஓடையும் இதில் வந்து சேர்ந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. 1970-களின் கடைசியில் மேஸ் சிறையில் கைதி உடையை மறுத்துப் போர்வையோடு கிடந்த, ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்ட குடியரசுவாதக் கைதிகள் கதவிடுக்கு வழியாகக் கத்திக் கத்தி ஒருவருக்கொருவர் ஐரிஷ் கற்றுக்கொடுத்தார்கள். புத்தகம் இல்லை, பேனா இல்லை, சுவரில் கீறித்தான் எழுத்து. 1981-ல் அந்தச் சிறையில் நடந்த உண்ணாவிரதச் சாவுகளுக்குப் பிறகு மேற்கு பெல்ஃபாஸ்டில் ஐரிஷ் வகுப்புகளுக்குக் கூட்டம் கூடியது. இதனால் மொழிக்கு வேகம் கிடைத்தது. கூடவே, இது பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.காரர்களின் மொழி என்ற முத்திரையும் பலமாக விழுந்தது. மன்றங்களில் எத்தனையோ வருடமாக அமைதியாக வேலை செய்தவர்கள் அந்த முத்திரையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று.

1991-ல் என்ன நடந்தது

1980-களில் ஒரு புதிய தலைமுறை வந்தது. அவர்களில் முன்னால் நின்றவர் கரோட் ஓ காரலான். 1984-ல் 'லா' என்ற ஐரிஷ் செய்தித்தாளைத் தொடங்கினவர்களில் ஒருவர். அதற்கு அடுத்த வருடம் லைசென்ஸ் இல்லாமலே ஒரு ஐரிஷ் வானொலி காற்றில் ஏறியது, அதிலும் அவர் உண்டு. பத்திரிகை ஒரு மூலையில், வானொலி வேறொரு அறையில், வகுப்புகள் எங்கெங்கோ. எல்லாருக்கும் தேவைப்பட்டது ஒரு கூரை. அப்போதுதான் காலியாகக் கிடந்த பிராட்வே பிரெஸ்பிடேரியன் தேவாலயம் கைக்கு வந்தது.

அது எந்த மாதிரியான நேரம் என்று பாருங்கள். ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. தெருவில் ராணுவம் ரோந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமை. அரசு நிதி என்றால் அதற்கும் ஒரு சோதனை இருந்தது: துணை ராணுவக் குழுக்களுக்கு உதவக்கூடும் என்று சந்தேகப்படுகிற அமைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று 1985-ல் லண்டனில் அறிவித்திருந்தார்கள். அந்த விதியின் கீழ்தான் 1990-ல் மேற்கு பெல்ஃபாஸ்ட் க்ளோர் ந நேல் என்ற அமைப்பின் மானியம் வெட்டப்பட்டது. அது நடத்திவந்தது மழலையர் பள்ளிகளை! பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 1992-ல் பணத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பழைய தேவாலயத்தை எடுத்துப் பண்பாட்டு மையம் ஆக்குவது என்பது சாதாரணத் துணிச்சல் இல்லை.

திறந்த வருடமே உள்ளே வந்த மிக முக்கியமான குடித்தனக்காரர் ஒரு பள்ளி. தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஐரிஷ் வழியில் மேலே படிக்க இடம் இல்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் இருபது வருட உழைப்பு வீணாகிவிடும் என்று பெற்றோருக்குக் கவலை. சரி, நாமே தொடங்குவோம் என்று 1991-ல் குல்டூர்லனுக்குள் ஒரு உயர்நிலைப் பள்ளியை ஆரம்பித்தார்கள். அதிலும் 9 மாணவர்கள்தான். முதல் சில வருடம் இதற்கும் அரசு பணம் இல்லை. பள்ளி வளர்ந்து இடம் போதாமல் போனதும் பக்கத்தில் இருக்கிற பீச்மவுண்டுக்குப் போய்விட்டது. இன்று அதன் பெயர் கொலாஷ்டே ஃபெர்ஷ்டே. எண்ணூறு பேருக்கு மேல் படிக்கிறார்கள், கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் ஐரிஷில்தான்.

2011-ல் இந்தப் பள்ளி நீதிமன்றம் போய் ஒரு முக்கியமான தீர்ப்பை வாங்கியது. பிள்ளைகளுக்குப் பேருந்து வசதி கேட்ட வழக்கு அது. ஐரிஷ் வழிக் கல்வியை ஊக்குவிக்கவும் எளிதாக்கவும் கல்வித் துறைக்குக் கடமை உண்டு என்று 1998 கல்வி ஆணையில் எழுதியிருக்கிறது. அது அழகுக்கு எழுதிவைத்த வாக்கியமில்லை, நடைமுறையில் பலன் தெரிய வேண்டும், துறை அந்தக் கடமையைச் செய்யவில்லை என்று நீதிபதி சொன்னார். ஒரு பண்பாட்டு மையத்தின் அறையில் ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி, மொத்த மாகாணத்துக்கும் பயன்படுகிற சட்ட விளக்கத்தை வாங்கித் தந்திருக்கிறது. நடன நிகழ்ச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த மாதிரி விளைவு கணக்கில் வரவே வராது.

பெயரில் இருக்கிற இரண்டு பேர்

மையத்தின் பெயரில் ஒரு பிரெஸ்பிடேரியனும் ஒரு கத்தோலிக்கக் கார்டினலும் சேர்ந்து நிற்கிறார்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

ராபர்ட் மக்அடம் 1808-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்த தொழிலதிபர். அண்ணனோடு சேர்ந்து டவுன்செண்ட் தெருவில் சோஹோ என்ற இரும்பு வார்ப்புச் சாலையை நடத்தினார். பகலில் இயந்திர வியாபாரம், மற்ற நேரமெல்லாம் ஐரிஷ். அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரின் பெயரில் 1830-ல் தொடங்கிய அல்ஸ்டர் கேலிக் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். மாணவர்களுக்கு ஐரிஷ் இலக்கண நூல் எழுதினார். கிராமங்களில் கிடைத்த கையெழுத்துச் சுவடிகளையும் பழமொழிகளையும் சேர்த்தார், ஏடு பெயர்த்து எழுதுவதற்கென்றே ஒரு புலவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார், 1853-ல் அல்ஸ்டரின் தொல்லியலுக்காக ஒரு ஆய்விதழையும் தொடங்கி நடத்தினார். தமிழ் வாசகர்களுக்கு இங்கே தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: அதே அல்ஸ்டரில், பெல்ஃபாஸ்டை ஒட்டிய ஆண்ட்ரிம் மாவட்டத்தில், 1814-ல் ஒரு பிரெஸ்பிடேரியன் குடும்பத்தில்தான் கால்டுவெல் பிறந்தார். அவர் திராவிட ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856-ல். மக்அடம் ஐரிஷ் பழமொழிகளைத் தொகுத்துக்கொண்டிருந்த அதே வருடங்கள்.

டவுன்செண்ட் தெருவை இன்று போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய இரும்புக் கதவு இருக்கிறது. ஃபால்ஸ் பக்கத்துக் கத்தோலிக்கர்களையும் ஷான்கில் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளையும் பிரிக்கிற 'அமைதிக் கோட்டின்' பகுதி அது. மக்அடம் காலத்தில் ஐரிஷ் படிப்பது ஒரு பிரெஸ்பிடேரியனுக்கு விசித்திரமான காரியமில்லை. அதற்கும் முன்னால், 1795-லேயே ஐரிஷில் முதல் இதழ் அச்சானது இந்தப் பெல்ஃபாஸ்டில்தான்.

இரண்டாவது ஆள் தொமாஸ் ஓ ஃபீ. 1923-ல் தெற்கு அர்மாவில் பிறந்தவர், மேனூத்தில் வரலாற்றுப் பேராசிரியர், 1977-ல் அர்மா பேராயர், 1979-ல் கார்டினல். மொழி மறுமலர்ச்சிக்காக டப்ளின் அரசு அமைத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர். 1990 மே மாதம் லூர்து யாத்திரையில் இறந்தார். அடுத்த வருடம் திறந்த மையத்துக்கு அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

இந்த இணைப்பு ஒரு நல்ல எண்ணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயர்ப் பலகை எவ்வளவு தூரம் வேலை செய்யும்? ஃபால்ஸ் ரோடு என்பது நகரத்தில் யாருடைய பகுதி என்று எல்லாருக்கும் தெரியும். சுவர் ஓவியங்கள், கொடிகள், நினைவிடங்கள் எல்லாம் அதைச் சொல்கின்றன. கிழக்கு பெல்ஃபாஸ்டில் வளர்ந்த ஒரு யூனியனிஸ்ட், அதாவது பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்புகிறவர், பேருந்தில் ஏறி அந்த வாசலில் இறங்குவதற்கு மக்அடம் பெயர் மட்டும் போதாது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது

என்னைப் பொறுத்தவரை இந்த மையத்தின் உயிர் அதன் உணவகத்தில் இருக்கிறது. நாடகம் என்றால் மாதத்தில் சில நாள், வகுப்பு என்றால் வாரத்தில் ஒரு மாலை. சாப்பாடும் டீயும் தினசரி. சூப்பும் ரொட்டியும் ஐரிஷில் கேட்டு வாங்கலாம், பரிமாறுகிறவர்கள் ஐரிஷில் பதில் சொல்வார்கள், தெரியாதவர் ஆங்கிலத்தில் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். மொழி கற்கிறவருக்கு மிகவும் கஷ்டமானது இதுதான்: வகுப்பறைக்கு வெளியே, பரீட்சை இல்லாமல், தப்பாகப் பேசினாலும் காரியம் ஆகிற ஒரு இடம் வேண்டும். சிறுபான்மை மொழிகளுக்குப் பாடப்புத்தகம் கிடைக்கும், அகராதி கிடைக்கும், ஆனால் காசு கொடுத்துச் சில்லறை வாங்குகிற இடம் கிடைக்காது.

கும்மன் க்லூன் ஆர்ட்டின் 'ஐரிஷ் மட்டும்' என்ற விதியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. அந்த மன்றம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை உருவாக்கியது, அங்கிருந்து வந்தவர்கள்தான் ஷாஸ் ரோட்டில் வீடு கட்டினார்கள். குல்டூர்லன் தயங்குகிறவர்களுக்கும் கதவைத் திறந்தது. முதல் வகை இல்லாமல் நேராக இரண்டாம் வகையைத் தொடங்கியிருந்தால், நாள் போகப் போக எல்லாரும் ஆங்கிலத்துக்கு நழுவி, ஐரிஷ் பெயர்ப் பலகை மாட்டிய ஆங்கில உணவகம்தான் மிஞ்சியிருக்கும். வேறு ஊரில் இதை நகல் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நாடகத்திலும் இதே யோசனை. 1997-ல் தொடங்கிய ஆஷ்லிங் யேர் என்ற ஐரிஷ் நாடகக் குழு இங்கேதான் வேர் பிடித்தது. மேடையில் ஐரிஷ்தான், ஆனால் மொழி தெரியாத பார்வையாளர்களுக்கு உடனுக்குடன் மொழிபெயர்ப்பைக் காதில் கேட்க ஏற்பாடு செய்தார்கள். மனைவிக்கு ஐரிஷ் தெரியும், கணவனுக்குத் தெரியாது என்றால் இரண்டு பேருமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு வரலாம். மொழியை நீர்க்கச் செய்யாமலே கூட்டத்தைப் பெருக்க இது நல்ல வழி.

ஓவியக் கூடத்துக்கு ஜெரார்ட் டில்லன் பெயரை வைத்திருக்கிறார்கள். 1916-ல் ஃபால்ஸ் பகுதியில் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, வீடுகளுக்குச் சாயம் அடித்துப் பிழைத்து, தானாகவே ஓவியம் கற்றவர். 1969 வன்முறையைக் கண்டித்து, பெல்ஃபாஸ்டுக்கு வரவிருந்த ஒரு கண்காட்சியிலிருந்து தன் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டவர். அந்தத் தெருப் பையன்களுக்கு அவர் பெயர் அங்கே இருப்பது முக்கியம்.

வானொலி கதை பள்ளிக் கதையைப் போலத்தான். 1985-ல் திருட்டுத்தனமாக ஒலிபரப்பிய ரேடியோ ஃபால்ச்சா, குல்டூர்லனுக்குள் வருடக்கணக்கில் இருந்து, 2006-ல் முறையான லைசென்ஸ் வாங்கி, 2018-ல் ஃபால்ஸ் ரோட்டின் நகர முனையில் தனக்கென்று ஒரு புதுக் கட்டடத்துக்குப் போனது. அயர்லாந்தின் அப்போதைய குடியரசுத் தலைவர் மைக்கேல் ஹிக்கின்ஸ் வந்து திறந்துவைத்தார். தாய்வீட்டில் பிரசவம் பார்த்து அனுப்புவது போல, குல்டூர்லன் ஒவ்வொன்றாக வளர்த்து வெளியே விட்டிருக்கிறது.

வெளியே போனதும் அந்த அறைகள் காலியாகிவிடவில்லை. 2011-ல் கட்டடத்தைப் பெரிதாகப் புதுப்பித்தார்கள், முகப்பு மாறியது, சுற்றுலாத் தகவல் மையமும் சேர்ந்தது. இதற்கிடையே 2000-களின் தொடக்கத்திலிருந்தே, அந்தச் சாலையை மையமாக வைத்து 'கேல்டக்ட் வட்டாரம்', அதாவது ஐரிஷ் பேசும் வட்டாரம் ஒன்றை உருவாக்கும் திட்டம் அரசு மட்டத்தில் பேசப்பட்டது. மொழியால் வேலைவாய்ப்பும் உண்டாகும் என்பதுதான் அதன் வாதம். அந்த வாதம் பொய்யில்லை: ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஒலிபரப்பாளர் என்று ஐரிஷால் சம்பளம் வாங்குகிறவர்கள் மேற்கு பெல்ஃபாஸ்டில் இன்று கணிசமாக இருக்கிறார்கள். 2005-ல் வந்த ஐரிஷ் ஒலிபரப்பு நிதியும் இதற்கு உதவியது.

தோற்ற கதை

எல்லாம் ஜெயித்தது என்று எழுதினால் அது ஆய்வு ஆகாது. 'லா' செய்தித்தாள் பிழைக்கவில்லை.

வார இதழாக ஓடிய அது 2003-ல் நாளிதழானது. ஐரிஷில் தினமும் ஒரு செய்தித்தாள்! எவ்வளவு பெரிய கனவு என்று யோசியுங்கள். ஆனால் தினமும் பத்திரிகை போட ஆள் வேண்டும், அச்சு வேண்டும், விநியோகம் வேண்டும். விற்பனையும் விளம்பரமும் அந்தச் செலவைத் தாங்காது. 1998-ல் அமைதிக்காகச் செய்த புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டன், அயர்லாந்து அரசுகள் இரண்டும் சேர்ந்து உருவாக்கிய ஃபோரஸ் ந கேல்கே என்ற மொழி அமைப்பின் மானியத்தில்தான் வண்டி ஓடியது. அந்த அமைப்பு நிதியை நிறுத்துவதாக முடிவு செய்ததும் 2008 டிசம்பரில் கடைசி இதழ் வந்தது.

இதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், வாசகர் எண்ணிக்கை குறைவு என்ற வாதத்தை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனாலும் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. பள்ளியையும் வானொலியையும் பாருங்கள்: இரண்டும் அரசு பணம் இல்லாமல் வருடக்கணக்கில் நடந்து, அந்தப் பழக்கத்தில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு பணம் வந்தபோது அதை மேலே போட்டுக்கொண்டன. பணம் நின்றிருந்தாலும் அவை ஏதோ ஒரு வடிவத்தில் நின்றிருக்கும். 'லா' வார இதழாக இருந்தவரை அப்படித்தான். நாளிதழ் ஆனபோது அதன் செலவு தன் சமூகத்தின் கையை மீறிப் போய் ஒரே ஒரு நிதிதாரரின் கைக்குப் போனது. அந்தக் கை மூடியதும் எல்லாம் முடிந்தது. வார இதழுக்கே திரும்பிப் போக முடிந்திருக்குமா என்ற கேள்வி இன்னும் என்னை அரிக்கிறது. தினமும் ஐரிஷில் எழுதிப் பழகிய ஒரு முழு நிருபர் கூட்டம் ஒரே நாளில் கலைந்துபோனது பெரிய நஷ்டம்.

எண்களும் சட்டமும்

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 12.4 சதவீதம் பேர் தங்களுக்கு ஐரிஷ் ஓரளவாவது தெரியும் என்றார்கள். பத்து வருடம் முன்பு 10.7 சதவீதம். முதன்மை மொழி ஐரிஷ் என்றவர்கள் கிட்டத்தட்ட 6,000 பேர், அதாவது 0.3 சதவீதம். இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆர்வமும் தொடக்க நிலை அறிவும் பரவலாக இருக்கிறது, வீட்டு மொழியாக வாழ்வது மிகக் குறைவு. குல்டூர்லன் மாதிரி இடத்துக்கு வேலை இருப்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

அரசியல் பக்கம், 2016 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஐரிஷ் படிக்க ஏழைப் பிள்ளைகளுக்குத் தந்துவந்த லீஃபா உதவித்தொகையை ஒரு அமைச்சர் நிறுத்தினார். வெறும் 50,000 பவுண்ட்! கோபம் பொங்கியது. சில வாரத்தில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் 'அன் ட்ரம் ஜாரக்' என்ற இளைஞர் இயக்கம் பிறந்துவிட்டது. சிவப்புச் சட்டையில் வெள்ளை வட்டம் அவர்கள் அடையாளம். 2017 மே மாதமும் 2022 மே மாதமும் ஆயிரக்கணக்கில் பெல்ஃபாஸ்ட் தெருவில் இறங்கினார்கள். ஊர்வலத்தில் பலர் ஐரிஷ் பள்ளிகளில் படித்து வளர்ந்த பிள்ளைகள், அவர்கள் தங்கள் தலைவர்களோடும் நண்பர்களோடும் சண்டை போடுவதுகூட ஐரிஷில்தான். 2022 டிசம்பரில் மொழிச் சட்டம் வந்தது. ஐரிஷுக்கு அதிகாரபூர்வ நிலை, ஒரு ஆணையர் பதவி, 1737 சட்டத்துக்கு முடிவு. அதே வருடம் பெல்ஃபாஸ்ட் மாநகராட்சி, ஒரு தெருவில் 15 சதவீதம் பேர் கேட்டால் இருமொழிப் பலகை வைக்கலாம் என்று விதியை மாற்றியது. முன்பு மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும் என்று இருந்தது.

உலகம் முழுக்கத் தெரிந்த நீகேப் ராப் குழுவில் ஒருவர் கரோட் ஓ காரலானின் மகன். தகப்பன் பத்திரிகை, வானொலி, நாடகம், இந்த மையம் என்று வாழ்ந்தவர். 2006-ல் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலிக்குப் போன பிறகும் வேலையை விடவில்லை. 2024 டிசம்பரில் இறந்தார். மகனின் பாட்டு எல்லாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. அதில் போதைப்பொருளும் கெட்ட வார்த்தையும் இருக்கிறது என்று மொழிக்காரர்களே குறை சொல்வதுண்டு. எனக்கு அது நல்ல அறிகுறியாகவே படுகிறது. இளைஞர்கள் தங்கள் சேட்டையையும் கோபத்தையும் ஒரு மொழியில் சொல்ல முடிகிறது என்றால் அந்த மொழி பாடநூலை விட்டு வெளியே வந்துவிட்டது.

டெரியும் கிழக்கு பெல்ஃபாஸ்டும்

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடம் உண்டு. வட அயர்லாந்தின் இன்னொரு நகரான டெரியில் 2009-ல் குல்டூர்லன் ஈ ஹனான் என்ற மையம் திறந்தது. ஓடானல் - டூமி என்ற கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தது. மற்றப் பக்கமெல்லாம் கட்டடங்கள் நெருக்க, ஒரே ஒரு பக்கம்தான் தெருவைப் பார்க்கும் இடத்தில், உள்ளே வெளிச்சம் மேலிருந்து விழுகிற மாதிரி மாடி மாடியாய்க் கட்டியிருக்கிறார்கள். 2011-ல் பிரிட்டனின் ஸ்டெர்லிங் விருதுக்கான இறுதிப் பட்டியலில் வந்தது. அழகில் பெல்ஃபாஸ்டுக்காரர்கள் போட்டி போட முடியாது. பெல்ஃபாஸ்டில் இருப்பது ஒட்டுப்போட்டு வளர்ந்த பழைய தேவாலயம். ஆனால் இரண்டு ஊரிலும் கட்டடத்துக்கு முன்னாலேயே ஐரிஷ் பள்ளிகளும் வகுப்புகளும் இருந்தன. டெரிக்காரர்களும் அந்த வரிசையை மாற்றவில்லை.

இரண்டாவது இடம்தான் கடினமானது. லிண்டா எர்வைன் என்ற பெண்மணி கிழக்கு பெல்ஃபாஸ்டில், நியூட்டவுனார்ட்ஸ் ரோட்டில், யூனியனிஸ்ட் மக்கள் நடுவில் ஐரிஷ் வகுப்பு நடத்துகிறார். டூரஸ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். மெத்தடிஸ்ட் மிஷன் ஒன்றின் கட்டடத்தில் நடக்கிறது. அவர் குடும்பம் யூனியனிஸ்டுகளில் தீவிரமான லாயலிஸ்ட் அரசியலில் பெயர் பெற்றது, அதனால் 'நீ யார் கேட்க' என்று யாரும் எளிதாக அவரைத் தள்ளிவிட முடியவில்லை. வகுப்பில் அவர் காட்டுவதெல்லாம் மாணவர்களின் சொந்த ஊர்ப் பெயர்களையும் குடும்பப் பெயர்களையும் பிரெஸ்பிடேரியன் முன்னோர்களையும்தான். மக்அடம் இங்கே பெயர்ப் பலகையிலிருந்து இறங்கிப் பாடத்துக்குள் வருகிறார். ஃபால்ஸ் ரோடு கட்டடம் முப்பது வருடத்தில் செய்ய முடியாததை ஒரு ஆள் வேறொரு இடத்தில் செய்துகொண்டிருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன். அதற்காக ஃபால்ஸ் ரோடுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே உருவான ஆசிரியர்களும் புத்தகங்களும் தேர்வு முறையும் இல்லாமல் கிழக்கில் வகுப்பு நடத்துவது இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

2021-ல் கிழக்கில் ஒரு ஐரிஷ் மழலையர் பள்ளி தொடங்க முயன்றபோது, இணையத்தில் வந்த வெறுப்புப் பிரசாரத்தால் முதலில் பார்த்துவைத்த இடத்தை விட்டுவிட வேண்டி வந்தது. வேறு இடம் தேடி அதே வருடம் அக்டோபரில் திறந்துவிட்டார்கள். நாய்ஸ்கோல் ந ஷோல்ட்டா என்று பெயர், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளி. ஷாஸ் ரோட்டில் 1971-ல் நடந்த கட்டம் கிழக்கில் இப்போதுதான் நடக்கிறது. அங்கே இன்னும் கட்டடம் பற்றிய பேச்சே வர வேண்டியதில்லை. இப்போதைக்குத் தேவை, அந்தப் பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகும்போது அடுத்த பள்ளிக்கு இடமும், அங்கே போய்வரப் பாதுகாப்பும்தான்.